அந்தப் படத்தில் வெட்டப்பட்ட கை: எங்கள் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதுரை
12 பிப்ரவரி 2021

மதிப்பிற்குரிய துணைவேந்தர், பதிவாளர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

குடியரசு தின விழாவில் நீங்கள் வெளியிட்ட மலரின் 17-ஆம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. ஒரு மூங்கில் தட்டு நிறையப் பட்டுப்புழுக்கள், மேலே அப்போதுதான் பரப்பிய மல்பெரி இலை. கீழே 'முழு ஊரடங்கிலும் ஓயாத ஆராய்ச்சி' என்று போட்டிருக்கிறீர்கள். தட்டு என்னுடையது. புழுக்கள் என்னுடையவை. படம் என்னுடையது அல்ல. 2020 மார்ச் 28 காலை 6:40-க்கு எங்கள் ஆய்வகத்தின் தினக்கூலி உதவியாளர் தன் கைப்பேசியில் எடுத்து எனக்கு அனுப்பியது அது. துறை அறிக்கைக்காக நான் மின்னஞ்சலில் கொடுத்தது, எப்படியோ மலருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மூலப் படத்தில் தட்டைத் தாங்கிப் பிடித்திருக்கும் அவருடைய இடது கையும், மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறும் வலது ஓரத்தில் தெரியும். மலரில் அந்தக் கை இல்லை. யாரோ சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள்.

அன்றைய மேடையில் 'கொரோனா காலச் சிறப்புப் பணி'க்காக 19 பேருக்குச் சால்வையும் சான்றிதழும் கொடுத்தீர்கள். அதில் ஒரு தினக்கூலிக்காரர் இல்லை, ஓர் ஒப்பந்த ஊழியர் இல்லை. சால்வைக்காக யாரும் அழவில்லை, அது போகட்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் வேலை பார்த்த 41 நாளுக்கு இன்று வரை கூலி வரவில்லை. டிசம்பரில் ஆய்வகங்கள் திறந்தபோது அவர் வழக்கம்போல் காலை எட்டரைக்கு வந்து நின்றார். பதிவேட்டில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். இதைப் பார்த்துக்கொண்டு என் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் போய்விட என்னால் முடியவில்லை.

வளாகம் மூடிய கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் மேசைக்கு வந்த கதையும் நாங்கள் பார்த்ததும் ஒன்றல்ல. மார்ச் 16 திங்கட்கிழமை மாலை, கல்வி நிலையங்களை 31 வரை மூடுவதாகத் தமிழக முதல்வர் அறிவித்தார். இரவு ஒன்பதரைக்கு விடுதிப் பலகையில் தாள் ஒட்டினார்கள். மறுநாள் பகல் 12-க்குள் காலி செய்ய வேண்டும். ஆய்வு மாணவர்கள் மட்டும் இருந்துகொள்ளலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. 23-ஆம் தேதி மாநிலம் முழுவதும் 144 என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் மாலை ஆறு மணியிலிருந்து. 24 காலை பத்து மணிக்கு வார்டன் ஒவ்வோர் அறையாகத் தட்டி, மதியம் இரண்டுக்குள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும் என்றார்.

மூடியதைக் குறை சொல்லவில்லை. மறுநாள் அதிகாலையில்தான் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் நம் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் நடந்தது. மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் நான்கு மணி நேரத்தில் ஒரு வளாகத்தைப் பூட்டும்போது, உள்ளே உயிரோடு இருப்பவை எவை, அவற்றுக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாளிலாவது எழுதியிருக்க வேண்டாமா? அதற்கு முந்தைய எட்டு நாளில் அதைக் கேட்டு ஒரு சுற்றறிக்கைகூட எங்கள் துறைக்கு வரவில்லை.

என் புழுக்கள் அன்று நான்காவது தோலுரிப்பில் இருந்தன. அந்த நேரத்தில் அவை தின்னாது. தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். படுக்கை ஈரமாகாமல் இருக்கச் சுண்ணாம்புத் தூள் தூவி விட்டுவிட வேண்டும். தோலை உரித்து எழுந்த பிறகு இருக்கிறது பசி. ஒரு பட்டுப்புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் தின்கிறது. நாளைக்கு நான்கைந்து தடவை இலை போட வேண்டும். நீர் ஒட்டிய இலை ஆகாது. அறையை 25 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் மதுரையில் அதற்கு ஜன்னலில் ஈரச் சாக்குத்தான் வழி. அது என் ஆய்வின் மூன்றாவது, கடைசி முறைச் சோதனை. முதல் இரண்டும் ஒன்றரை வருட உழைப்பு. மூன்றாவது போனால் இரண்டும் போன மாதிரிதான்.

ஆய்வக வராந்தாவில் பையோடு உட்கார்ந்து அழுதேன். உதவியாளர் அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். அறுபதை நெருங்கும் மனிதர், ஆனால் துறையில் எல்லோருக்கும் அண்ணன்தான்.

"எதுக்குத்தா அழுகுற? மொதல்ல ஊருக்குப் பஸ்ஸப் பிடி. ஆடு மாட்டுக்குத் தீனி போடாமயா இருக்கோம்? இதுக்குப் போட மாட்டமா?"

சாவியை அவர் கையில் கொடுத்தேன். என் நெறியாளரிடம் தொலைபேசியில் சொன்னேன், சரி என்றார். மாட்டுத்தாவணியில் அன்று ஏறியவர்களுக்குத் தெரியும், பஸ்ஸில் ஏறுவதே பெரும்பாடு. அருப்புக்கோட்டை வழியாகக் கமுதி போய்ச் சேரும் வரை ஒற்றைக் காலில்தான் நின்றேன்.

மறுநாளிலிருந்து அவர் தினமும் வந்தார். பக்கத்துக் கிராமம், பழைய டி.வி.எஸ். எக்ஸெல். விடியற்காலை ஐந்தரைக்கு வந்து இலை பறித்துப் போடுவார், பத்து மணிக்கு ஒரு தடவை, வெயில் சாயும்போது ஒரு தடவை, இருட்டிய பிறகு கடைசியாக ஒரு தடவை. மதியம் வீட்டுக்குப் போகாமல் வராந்தாவிலேயே படுத்துக்கொள்வார். மதுரை ஆஸ்பத்திரியில் சாவு விழுந்த செய்தி பரவியதும் அவருடைய தெருவில் பேச்சு கிளம்பியிருக்கிறது: தினமும் வெளியே போய் வருகிறவன் எதையாவது கொண்டு வந்துவிடுவான் என்று. குழாயடியில் அவர் மனைவியைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவே இல்லை. டிசம்பரில் அந்த அக்கா சொல்லித்தான் தெரியும்.

ஆறாம் நாள் வளாகத்தின் மல்பெரித் தோட்டத்தில் இலை தீர்ந்துபோனது. தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லாமல் கொழுந்து காய்ந்துவிட்டது. இவர் பக்கத்து ஊரில் மல்பெரி போட்டிருக்கும் ஒரு விவசாயியிடம் போய் இரண்டு சாக்கு இலை வாங்கி வந்தார். வழியில் போலீஸ் மறித்தது. புழுவுக்குத் தீனி என்றதும், "மனுசனுக்கே தீனி இல்லாமக் கெடக்கு, ஒனக்குப் புழு கேக்குதா?" என்று லத்தியை ஓங்கியிருக்கிறார் ஒருவர். சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்பினாராம். இலைக்கு அண்ணன் கொடுத்தது சொந்தக் காசு.

புழு கூடு கட்டி முடித்து ஏப்ரல் 7-ஆம் தேதி எடைபோட வேண்டி வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர் அவர். மின்தராசை எப்படிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது என்பதில் தொடங்கி, கூட்டை பிளேடால் அறுத்து உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் எப்படி நிறுப்பது என்பது வரை வீடியோ அழைப்பில் சொன்னேன். காலையில் தொடங்கி மாலை வரை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒண்ணு புள்ளி ஏழு நாலு, ஒண்ணு புள்ளி எட்டு, ஒண்ணு புள்ளி ஆறு ஒம்போது. நான் கமுதியில் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் அம்மா உள்ளேயிருந்து, "யாருடி அது, ஏலம் விடுறது?" என்று கேட்டார். சந்தேகத்துக்காகப் பத்துக் கூடுகளைத் திரும்ப நிறுக்கச் சொன்னேன். இரண்டில்தான் வித்தியாசம், அதுவும் இரண்டாம் தசமத்தில். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் பாதி அட்டவணைகள் அந்தக் குரல் வாசித்த எண்கள்.

அதன் பிறகும் ஏப்ரல் 22 வரை தினமும், மே நடுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார், முட்டை அட்டைகள் வைத்திருந்த ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்த்தார். என் நோட்டில் நாள், நேரம், அவர் சொன்ன வெப்பநிலை எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தம் 41 நாள். அவருடைய கூலி நாளுக்கு 350 ரூபாய். பெருக்கினால் 14,350 ரூபாய். என் உதவித்தொகையிலிருந்து பணம் அனுப்பப் பார்த்தேன். பெட்ரோலுக்கு 500 ரூபாய் எடுத்துக்கொண்டார், மிச்சத்தைத் திருப்பினார். "நீ படிக்கிற பிள்ளை, ஒங்கிட்ட வாங்கவா? ஆபீஸ்ல குடுப்பாக" என்றார். ஆபீஸ் என்றால் நீங்கள்.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. மார்ச் 22-ஆம் தேதியோடு பயணிகள் ரயில் நின்றுபோனதால் ஊர் திரும்ப முடியாத 14 பேர் ஆண்கள் விடுதியில் மாட்டிக்கொண்டார்கள். மணிப்பூர்க்காரர்கள், ஜார்க்கண்டுக்காரர்கள், நம் மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். மெஸ் ஒப்பந்தக்காரர் கேஸ் சிலிண்டர்களைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். சமையல் மாஸ்டர் போகவில்லை. விடுதிக்குப் பின்னால் செங்கல் கூட்டி விறகடுப்பில் சமைத்தார். அரிசி, பருப்பு இருக்கும் வரை மெஸ் கிடங்கிலிருந்து. தீர்ந்த பிறகு, ஏப்ரலில் அவர் குடும்ப அட்டைக்குக் கிடைத்த இலவச அரிசியும் அந்தப் பானைக்குள்தான் போனது. மே 4 மீனாட்சி திருக்கல்யாணம். வீதி வெறிச்சோடிக் கிடக்க, கோயிலுக்குள் நான்கைந்து பட்டர்கள் நடத்தியதை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோமே, அன்று மாஸ்டர் அந்தப் பதினான்கு பேருக்கும் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார். கல்யாணச் சாப்பாடாம். அந்த மணிப்பூர்ப் பையன் இன்றும் சித்திரைத் திருவிழா என்றால் பாயசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அழகர் வைகைக்கு வராத வருடத்தில் மதுரைக்கு வந்தவன், பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

மாஸ்டருக்கு ஏப்ரலிலிருந்து சம்பளம் கிடையாது. ஒப்பந்தக்காரர் பல்கலைக்கழகம் பணம் தரவில்லை என்கிறார். நிதிப் பிரிவில் கேட்டால், விடுதி மூடியிருந்ததால் பில் இல்லை என்கிறார்கள்.

வாசலில் இருந்த காவலாளி அண்ணனை உங்களில் பலர் காரை விட்டு இறங்காமலே பார்த்திருப்பீர்கள். ஜூன் 24-இல் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு போட்டார்கள், அது நீண்டு நீண்டு ஜூலை இரண்டாம் வாரம் வரை போனது. மாற்று ஆள் வரவில்லை. அத்தனை நாளும் அவர் ஒருவரே, வாயிலறையில் படுக்கை. அவருடைய ஏஜென்சியை டிசம்பரில் மாற்றினீர்கள். புது ஏஜென்சி ஐம்பது வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லையாம்.

ஆய்வுப் பிரிவில் பதினோரு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கும் அக்கா, எங்கள் உதவித்தொகைக் கோப்புகளை மார்ச் 24-ஆம் தேதி மதியம் கட்டைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். அனுமதி கேட்க அலுவலகத்தில் ஆள் இல்லை. அவர் எடுத்துப் போகாவிட்டால் எங்களில் முப்பது நாற்பது பேருக்கு அடுத்த ஆறு மாதமும் பணம் வந்திருக்காது. ஆய்வேடு சமர்ப்பிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஆறு மாத நீட்டிப்புக் கொடுத்த செய்தியை எங்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னவரும் அவர்தான். இப்போது அவருக்கு மெமோ வந்திருக்கிறது: கோப்புகளை அனுமதியின்றி வெளியே கொண்டுசென்றது ஏன் என்று விளக்கம் கேட்டு.

ஜனவரி 29 அன்று நானும் இன்னும் நான்கு ஆய்வு மாணவர்களும் நிர்வாகக் கட்டடத்தில் இதைப் பற்றிக் கேட்டோம். அவர்களை யாரும் வேலைக்கு வரச் சொல்லவில்லை என்றும், பூட்டிய வளாகத்துக்குள் வந்ததே விதிமீறல் என்றும், அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டதே நல்லது என்றும் பதில் கிடைத்தது. கூடவே, நிதி நெருக்கடி.

யாரும் வரச் சொல்லவில்லை என்பது முழு உண்மை. வரச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, அதனால்தான் அவர்களாக வந்தார்கள். விதிமீறல் என்றால், அந்த விதிமீறலை எடுத்த படத்தை மலரில் ஏன் போட்டீர்கள்? ஒரே வேலை 17-ஆம் பக்கத்தில் பெருமையாகவும் சம்பளப் பிரிவில் குற்றமாகவும் எப்படி இருக்கும்? திருட்டுத்தனமாகவும் யாரும் நுழையவில்லை. வாயில் பதிவேட்டை வரவழைத்துப் பாருங்கள். காவலாளி அண்ணன் ஒரு நாள் விடாமல் உள்ளே வந்த நேரம், போன நேரம், கையெழுத்து எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். அதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு நான் என்ன செய்ய?

சட்டம் எனக்குப் பாடம் இல்லை, தெரிந்த ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். 2020 மார்ச் 20 அன்றே மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், பொதுத்துறை, தனியார் எல்லா நிறுவனங்களுக்கும், குறிப்பாகத் தற்காலிக, ஒப்பந்த ஊழியர்களை வேலையை விட்டு எடுக்காதீர்கள், கூலியைக் குறைக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது. அறிவுரைதானே, கட்டாயம் இல்லையே என்பீர்கள். சரி, 2020-இல் நடைமுறையில் இருந்த 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அறிவுரை இல்லை. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனம், கொடுத்தாக வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்றது அது. மாஸ்டர் கணக்கில் முதன்மை வேலையளிப்பவர் யார் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

நிதி நெருக்கடி பற்றி: எங்கள் உதவித்தொகையே சில சமயம் மூன்று மாதம் தள்ளித்தான் வருகிறது, எனக்குத் தெரியாததில்லை. ஆனால் வழவழப்பான தாளில் 32 பக்க வண்ண மலர் அச்சிட்ட அதே மாதத்தில் 14,350 ரூபாய்க்கு நெருக்கடி என்றால் எப்படி நம்புவது?

ஆய்வேட்டில் நன்றியுரைப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதில் அண்ணன் பெயர் நெறியாளருக்கு அடுத்ததாக இருக்கும். எழுதி வைத்துவிட்டேன். ஆனால் அந்த வரியைக் காட்டி அவரால் கடையில் அரைக் கிலோ பருப்பு வாங்க முடியாது. நாங்கள் சொல்லும் நன்றி வேறு, நீங்கள் கொடுக்க வேண்டியது வேறு.

நாங்கள் கேட்பது இவைதான்.

உதவியாளருடைய 41 நாள் கூலியை, இலைக்கு அவர் கொடுத்த காசையும் சேர்த்து, இந்த மாத முடிவுக்குள் கொடுங்கள். என் நோட்டு, படங்கள், வாயில் பதிவேடு மூன்றையும் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவரை மார்ச் 1 முதல் பழையபடி பணிக்கு எடுங்கள். மாஸ்டருக்கு அவர் சமைத்த மாதங்களின் சம்பளத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ளட்டும். காவலாளிக்குப் புது ஏஜென்சியில் வயது வரம்பு தடையாக இல்லாதபடி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்; முடியாது என்றால் வளாகத்துக்குள்ளேயே வேறு வேலை கொடுங்கள். அக்காவுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள், வாய்மொழியாக அல்ல, எழுத்தில்.

இன்னொன்று. அடுத்த முறை வளாகத்தைத் திடீரென்று மூட நேர்ந்தால், எந்த ஆய்வகத்தில், எந்தக் கூண்டில், எந்த விடுதியில் யார் யார், எவை எவை இருக்கின்றன, யார் வந்து பார்க்கிறார்கள், அவர்களுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் பதிவாளர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். துறைவாரியாக அதைத் தயாரித்துத் தர ஆய்வு மாணவர்கள் நாங்கள் தயார். ஒரு வாரம் போதும்.

இந்த நான்கு பேரின் பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த மெமோ யாருக்கு வரும் என்று எனக்குத் தெரியும். பதிவாளர் அலுவலகத்தில் மூடிய உறையில் தனியாகக் கொடுத்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. பிப்ரவரி 26-க்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், அதே உறையின் நகலோடு மதுரையில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போவோம்.

அந்த மலரின் மென்படியைப் பல்கலைக்கழக இணையதளத்தில் இன்னும் வைத்திருக்கிறீர்கள். 17-ஆம் பக்கத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. வெட்டாத மூலப் படத்தை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முழுநேர ஆய்வு மாணவி,
விலங்கியல் துறை